மடக்கித் திருப்பும் தொடுதிரை லேப்டாப்: கடைக்கும் படிப்புக்கும் ஒன்றே போதுமா?



மே, ஜூன் மாதம் வந்தால் நம் வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும். "காலேஜ் சேரப் போறேன், லேப்டாப் வேணும்ப்பா" என்று பிள்ளை கேட்கும். கடையில் உள்ள பழைய கம்ப்யூட்டரும் அந்த நேரம் பார்த்துத்தான் தகராறு செய்யும். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றாக வாங்கிவிட்டால் என்ன என்ற யோசனை மளிகைக்காரன் புத்திக்கு இயல்பாகவே வரும். ஒரு மூட்டைக்கு இரண்டு வாடகை கொடுப்பானேன்?

அப்படிக் கேட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போனால் முதலில் எடுத்துக் காட்டுவது, திரையை முழுவதும் பின்னால் மடக்கி சிலேட்டு போல ஆக்கக்கூடிய தொடுதிரை லேப்டாப்பைத்தான். "கன்வெர்ட்டிபிள்" என்றும் "டூ இன் ஒன்" என்றும் சொல்வார்கள். விரலால் தொட்டு வேலை வாங்கலாம், பேனாவால் எழுதலாம், பார்க்கவும் அழகாக இருக்கும். அதைக் கடைக் கண்ணோடும் படிக்கிற பிள்ளையின் கண்ணோடும் எப்படிப் பார்த்து வாங்குவது என்பதே இந்தப் பாடம். நான் ஒரு முறை தவறாக வாங்கி நஷ்டப்பட்டவன். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் வாங்கிய முதல் பாடம்

2021-ல் ஆன்லைன் வகுப்புக் காலத்தில், 11.6 அங்குலத் திரையுள்ள சிறிய மடக்கு லேப்டாப் ஒன்றை வாங்கினேன். "பாப்பா படிப்புக்கும் ஆகும், உங்க பில்லுக்கும் ஆகும் அண்ணாச்சி" என்றார் விற்றவர். விலையும் குறைவு. வீட்டுக்கு வந்து பில் சாப்ட்வேரை ஏற்றப் பார்த்தால் ஏறவில்லை. விண்டோஸ் "எஸ் மோட்" என்ற கட்டுப்பாட்டில் இருந்தது. அந்த நிலையில் மைக்ரோசாப்ட் ஸ்டோரில் உள்ளவை மட்டுமே ஏறும். அதை விலக்கக் காசு எதுவும் கிடையாது, ஒரு முறை விலக்கினால் திரும்பவும் மாற்ற முடியாது என்பது மட்டுமே. இது தெரியாமல் ஒரு வாரம் அலைந்தேன்.

பெரிய குறை பிறகுதான் தெரிந்தது. அதில் இருந்த சேமிப்பு மொத்தமே 64 ஜிபி. அதுவும் போர்டிலேயே ஒட்டிய மெதுவான வகை. விண்டோஸே பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. 2022 பிப்ரவரியில் ஜனவரி மாத விற்பனையை 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவத்தில் ஏற்ற வேண்டும். நாங்கள் ஓட்டல்களுக்கும் விடுதிகளுக்கும் சரக்குப் போடுகிறவர்கள், மாதா மாதம் ரிட்டன் போடுகிறவர்கள். முந்தின இரவு மகள் வகுப்பு வீடியோக்களை இறக்கி வைத்திருந்தாள். டிஸ்க் நிறைந்து, பில் சாப்ட்வேர் திறக்கவே மறுத்துவிட்டது. எல்லாம் சரிசெய்து ரிட்டனை ஏற்றும்போது 15-ஆம் தேதி. வாங்கியவர்களின் 2பி பட்டியல் 14-ஆம் தேதியே உருவாகிவிடும். அந்த ஆண்டு ஜனவரி முதல், 2பி-யில் தெரியாத பில்லுக்கு வரவு எடுக்க முடியாது என்ற விதியும் வந்துவிட்டது. "உங்க பில் எதுவும் 2பி-யில் வரலையே அண்ணாச்சி" என்று இரண்டு ஓட்டல்காரர்கள் ஒரு மாதப் பணத்தை நிறுத்தி வைத்தார்கள். அபராதம் என்னவோ சில நூறுகள்தான். நின்ற பணம்தான் வலித்தது.

மகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பேர் வேலையைத் தாங்காத மிஷினை இரண்டு பேருக்கும் வாங்கியது என் தவறு.

எத்தனை வகை, எப்படி மடங்கும்

தொடுதிரையும் பேனாவும் உள்ள கம்ப்யூட்டர் புதிய சங்கதி அல்ல. மைக்ரோசாப்ட் 2002 நவம்பரிலேயே இதற்கென்று தனி விண்டோஸ் வெளியிட்டது. அப்போது கனமும் விலையும் அதிகம் என்பதால் பெரிதாக எடுபடவில்லை. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது லெனோவோ நிறுவனத்தின் "யோகா" 360 டிகிரி சுழலும் கீலோடு வந்தது. இன்று எச்.பி., டெல், ஏசர், ஏசஸ் எல்லாரிடமும் அந்த மாதிரிதான் உள்ளது. இன்னொரு வகை, மைக்ரோசாப்ட் "சர்பேஸ்" போலத் திரை தனியாகவும் கீபோர்டு தனியாகவும் கழன்று வருவது. அதைக் கல்லாவில் வைத்தால் பின்னால் ஒரு முட்டுக்கால் இடம் கேட்கும். மெல்லிய கீபோர்டில் நாள் முழுவதும் பில் அடிப்பதும் சிரமம். படிப்புக்கு மட்டும் என்றால் யோசிக்கலாம், கடைக்கு வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

கீல் உள்ள வகை நான்கு விதமாக நிற்கும். சாதாரண லேப்டாப்பாக இருக்கும். கீபோர்டு தரையைப் பார்க்கத் திரை நிமிர்ந்து நிற்கும். கூரை போலத் தலைகீழாக நிற்கும். முழுக்க மடங்கிச் சிலேட்டாகவும் ஆகும். விளம்பரத்தில் சொல்லாத ஒன்றை நம் தொழிலில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். சிலேட்டாக மேஜையில் வைக்கும்போதும், கீபோர்டைக் கவிழ்த்து நிறுத்தும்போதும், எழுத்துக் கட்டைகள் நேராக மேஜையில் படும். மேஜையில் மைதாவும் மிளகாய்த் தூளும் கிடந்தால் அது அப்படியே கட்டைகளுக்கு இடையில் இறங்கும். கூரை போல நிறுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. வாடிக்கையாளருக்குப் பில் தொகையைக் காட்டவும் அதுதான் வசதி.

கடை வேலைக்குத் தொடுதிரை எவ்வளவு உதவும்?

ஒளிவு மறைவில்லாமல் சொன்னால், குறைவாகத்தான். டேலி போன்ற கணக்கு சாப்ட்வேர் கீபோர்டுக்கென்றே செய்தது. வசூலுக்கு எப் 6, விற்பனைக்கு எப் 8, கொள்முதலுக்கு எப் 9 என்று நம் கணக்கப்பிள்ளைகளின் விரல் பழகிக் கிடக்கிறது. அதைத் திரையில் தொட்டுச் செய்யச் சொன்னால் வேலை மெதுவாகும். மேலும், எண்ணெயோ தண்ணீரோ பட்ட விரலுக்கு இந்தத் திரை சரியாகக் கேட்காது. எண்ணெய் டின் ஊற்றிவிட்டு வந்து திரையைத் தொட்டுப் பார்த்தால் தெரியும்.

ஆகவே திரையை விட்டுவிட்டுக் கீபோர்டைப் பாருங்கள். 14 அங்குல மடக்கு லேப்டாப்புகளில் பெரும்பாலும் வலது பக்க எண் கட்டைகள் கிடையாது. நம் ஆட்கள் தொகையை எல்லாம் அந்தக் கட்டைகளில்தான் அடிப்பார்கள். 15.6 அல்லது 16 அங்குலத்தில் சிலவற்றில் உண்டு. ஆனால் அது பிள்ளைக்குத் தூக்கிச் செல்லக் கனம். இதற்கு நல்ல வழி, 14 அங்குலமே வாங்கிக்கொண்டு தனியாக விற்கும் யு.எஸ்.பி. எண் கீபோர்டு ஒன்றைக் கல்லாவில் வைத்துக்கொள்வது. விலை சில நூறு ரூபாய்தான். இன்னொன்று, பல லேப்டாப்புகளில் எப் வரிசைக் கட்டைகள் ஒலி, வெளிச்சம் கூட்டிக் குறைக்கவே முதலில் வேலை செய்யும். எப் 8 அழுத்தினால் விற்பனைச் சீட்டுக்குப் பதில் வேறு ஏதோ நடக்கும். இதை மாற்றிப் பூட்டி வைக்க வழி உண்டு. வாங்கும்போதே மாற்றித் தரச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது துளைகள். மெலிதாக இருக்க வேண்டும் என்று யு.எஸ்.பி. துளைகளைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். நம் கடையில் எத்தனை மாட்ட வேண்டும் என்று எண்ணுங்கள்: பில் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், எடை மிஷின் இணைப்பு, எண் கீபோர்டு, பேக்கப் எடுக்கும் பென் டிரைவ். சில மாடலில் பழைய சதுரத் துளை ஒன்றுதான் இருக்கும். இணையக் கம்பி மாட்டும் துளை அநேகமாக இருக்கவே இருக்காது. தனி ஹப் வாங்க வேண்டும் என்றால் அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

எந்த விண்டோஸ், எந்த சிப்

இந்த இடத்தில்தான் ஏமாறுவோர் அதிகம். மூன்று விதமான மடக்கு லேப்டாப்புகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

ஒன்று குரோம்புக். விலை சகாயம், பேட்டரி நன்றாக நிற்கும், படிக்கிற பிள்ளைக்குப் பல விஷயத்துக்குப் போதும். ஆனால் அது விண்டோஸ் அல்ல. டேலி போன்ற விண்டோஸ் சாப்ட்வேரை அதில் நேராக ஏற்ற முடியாது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் மாட்டி ரிட்டன் போட வேண்டிய கம்பெனிக்காரர்களுக்கு அது உதவாது.

இரண்டாவது, விண்டோஸே இருக்கும், ஆனால் உள்ளே ஸ்நாப்டிராகன் என்ற செல்போன் வகை சிப் இருக்கும். 2024 ஜூன் முதல் இவை நிறைய வருகின்றன. நல்ல மிஷின்கள்தான், குறை சொல்லவில்லை. பழைய சாப்ட்வேர் பெரும்பாலும் இதில் ஓடவும் செய்யும். ஆனால் பிரிண்டர், டோக்கன் போன்ற பொருள்களுக்கான டிரைவர், அந்த சிப்புக்கென்றே எழுதியதாக இருக்க வேண்டும். நம் கடைகளில் உள்ள மலிவு விலை தெர்மல் பிரிண்டருக்கு அப்படி டிரைவர் கிடைக்காமல் போகலாம். ஸ்கேனர் கீபோர்டு மாதிரியே எண்களை அனுப்புவதால் அது எதிலும் வேலை செய்யும். பிரிண்டர், எடை மிஷின் கேபிள், டோக்கன் ஆகிய மூன்றும்தான் இடிக்கும்.

மூன்றாவது, இன்டெல் அல்லது ஏ.எம்.டி. சிப் உள்ள சாதாரண விண்டோஸ் 11. கடைக்கும் பயன்பட வேண்டும் என்றால் இதைத் தவிர வேறு பார்க்க வேண்டாம். இன்டெல்லில் கோர் ஐ3, ஐ5 வரிசை அல்லது அதற்குப் பின் வந்த புதுப் பெயர்கள், ஏ.எம்.டி.யில் ரைசன் 3, 5 போதும். செலரான் வேண்டாம்.

பழைய மிஷின் வாங்கலாம் என்று சென்னை ரிச்சி தெருப் பக்கம் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் இன்டெல்லில் பொதுவாக 8-ஆவது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். "ஐ7, அதிக பவர்" என்று 6-ஆம் தலைமுறையைக் கையில் திணித்தால் வாங்காதீர்கள். கணக்கும் பேங்க் வேலையும் நடக்கும் மிஷினில் பாதுகாப்பு நிரப்புதல் வராமல் இருப்பது, பூட்டு இல்லாத கல்லாப்பெட்டிக்குச் சமம்.

ராம் 16 ஜிபி. இதில் நான் பேரம் பேசமாட்டேன். சாதாரண லேப்டாப்பில் 8 வாங்கிப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். மடக்கு வகையில் பலவற்றில் ராம் போர்டிலேயே ஒட்டியிருக்கும், பின்னால் கூட்ட முடியாது. கல்லூரிப் படிப்பு நான்கு வருடம் ஓட வேண்டும் அல்லவா? சேமிப்பு 512 ஜிபி எஸ்.எஸ்.டி. இருக்கட்டும். "இ.எம்.எம்.சி." என்று எழுதியிருந்தால் அந்தப் பெட்டியை மூடி வைத்துவிடுங்கள். என் 64 ஜிபி கதை அதுதான்.

படிப்புக்குப் பேனா

தொடுதிரையின் உண்மையான லாபம் பேனாவில்தான் இருக்கிறது. அதுவும் எல்லாப் படிப்புக்கும் அல்ல. கணக்கு, இயற்பியல், வேதியியல், கட்டடக் கலை, மருத்துவம் போன்ற படம் போட்டும் சமன்பாடு எழுதியும் படிக்க வேண்டியவற்றுக்கு மிகவும் உதவும். ஆசிரியர் அனுப்பும் பி.டி.எப். மேலேயே எழுதலாம், கோடிடலாம், நான்கு வருடக் குறிப்பும் ஒரே இடத்தில் இருக்கும். பி.காம். படிக்கும் பிள்ளைக்கு எக்செல்லும் டேலியும்தான் முக்கியம். அதற்குச் சாதாரண லேப்டாப்பே போதும், மிச்சப் பணத்தை ராமில் போடலாம். இன்ஜினியரிங்கில் முப்பரிமாண டிசைன் செய்கிறவர்களுக்கு வலுவான கிராபிக்ஸ் தேவை. மெல்லிய மடக்கு வகையில் அது அநேகமாக இருக்காது.

பேனாவில் இரண்டு ஜாதி. செல்போன் கடையில் விற்கும் ரப்பர் முனைக் குச்சி விரலுக்குப் பதில்தான், எழுத உதவாது. உண்மையான பேனா, லேப்டாப்போடு தானே பேசும். உள்ளங்கையைத் திரையில் ஊன்றி எழுதினாலும் கையை விட்டுவிட்டு முனையை மட்டும் எடுத்துக்கொள்ளும். எல்லாப் பேனாவும் எல்லாத் திரைக்கும் சேராது, முறைகள் வேறு வேறு. ஆகவே அந்த மாடலுக்கு உரிய பேனா எது, அது பெட்டிக்குள்ளேயே வருகிறதா, தனி விலையா என்று கேட்டுப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். சில பேனாக்களில் நாலு "ஏ" போட்ட மெல்லிய பேட்டரி போட வேண்டும். அது நம் ஊர்க் கடைகளில் லேசில் கிடைக்காது. சார்ஜ் ஏற்றும் பேனா நல்லது.

கனத்தையும் பாருங்கள். 14 அங்குல மடக்கு லேப்டாப் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. ஒன்றரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை ஒரு கையில் ஏந்திக்கொண்டு அரை மணி நேரம் எழுத முடியுமா? மேஜையில் வைத்துத்தான் எழுத முடியும். "டேப்லட் மாதிரியே பிடிச்சுக்கலாம்" என்பது விற்கிறவர் வாக்கு.

கீல், திரை, பேட்டரி

சாதாரண லேப்டாப்பில் இல்லாத தேய்மானம் இதில் கீலுக்கு உண்டு. கடையில் வைத்துப் பத்து முறை முழுக்க மடக்கிப் பாருங்கள். திரையைத் தொடும்போது முன்னும் பின்னும் ஆடினால் எழுதவும் முடியாது, கீலும் சீக்கிரம் தளரும். ஒரு மூலையைப் பிடித்துத் திறக்கிற பழக்கம் பிள்ளைகளுக்கு உண்டு. நடுவில் பிடித்துத் திறக்கச் சொல்லிக்கொடுங்கள்.

தொடுதிரையில் கண்ணாடியும் திரையும் ஒட்டியே இருப்பதால், கண்ணாடி விரிந்தால் பெரும்பாலும் மொத்தத் திரையும் மாற்ற வேண்டும். லேப்டாப் விலையில் பெரிய பங்கு அதற்கே போய்விடும். சாதாரண வாரண்டி உடைந்ததற்கு வராது. விபத்துப் பாதுகாப்பு என்று தனியாக விற்பதை நான் மற்றப் பொருளுக்குச் சிபாரிசு செய்வதில்லை, விடுதிக்குப் போகும் தொடுதிரை லேப்டாப்புக்கு மட்டும் எடுக்கச் சொல்லுவேன். வீட்டுக்கே ஆள் வரும் வாரண்டியா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா, உங்கள் மாவட்டத்தில் சர்வீஸ் சென்டர் உண்டா என்பதையும் விசாரியுங்கள்.

தொடுதிரை கண்ணாடி போலப் பளபளக்கும். தெருவைப் பார்த்த கடையில் உட்கார்ந்தால் திரையில் பில் தெரியாது, எதிர்க்கடை போர்டுதான் தெரியும். வெளிச்ச அளவை "நிட்" என்று போட்டிருப்பார்கள். 250 என்றால் மங்கல். 300-க்குக் குறையாமலும், வாசல் ஓரக் கல்லா என்றால் 400-ம் பாருங்கள்.

பேட்டரியை "10 மணி நேரம்" என்ற விளம்பரத்தை வைத்துக் கணிக்க வேண்டாம். வாட்-அவர் என்று ஒரு எண் இருக்கும். 50 வாட்-அவர் பேட்டரி, மிஷின் சராசரியாக 10 வாட் இழுத்தால் 5 மணி நேரம். மின்வெட்டில் லேப்டாப் அணையாமல் நிற்பது கடைக்குப் பெரிய வசதி, தனி யு.பி.எஸ். தேவையில்லை. ஆனால் பில் பிரிண்டருக்குக் கரண்டு வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். கல்லாவில் எப்போதும் சார்ஜரோடே இருக்கப்போகிறது என்றால், 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் அமைப்பு உள்ள மாடலாகப் பார்த்து அதைப் போட்டு வையுங்கள். எப்போதும் நிறைந்தே சூட்டில் கிடக்கும் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும், சில சமயம் உப்பவும் செய்யும். காற்றுத் துளை அடியில் உள்ள மிஷினைச் சாக்கு மேல் வைக்கக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நம்மில் பலர் வைத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

பில் யார் பெயரில்?

லேப்டாப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அடிப்படை விலை ரூ. 50,000 என்றால் வரி ரூ. 9,000, மொத்தம் ரூ. 59,000. கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டுப் பில் வாங்கினால் அந்த 9,000-ஐ வரவு எடுக்கலாம். ஆனால் மூன்று விஷயம். காம்போசிஷன் முறையில் உள்ளவர்களுக்கு இந்த வரவு கிடையாது. வரவு எடுத்தவர் அந்த வரித் தொகையையும் சேர்த்துத் தேய்மானம் போடக்கூடாது. வியாபாரத்துக்குப் பயன்படும் பங்குக்கு மட்டுமே வரவு உண்டு. முழுக்கப் பிள்ளையோடு விடுதிக்குப் போகும் லேப்டாப்புக்குக் கடைப் பெயரில் பில் போட்டு வரவு எடுப்பது சரியல்ல, பின்னால் கேள்வி வந்தால் பதில் சொல்ல முடியாது.

வருமான வரியில் கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம் தேய்மானம். வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் அதில் பாதிதான். அதாவது அக்டோபர் முதல் வாரம் கடந்து தீபாவளித் தள்ளுபடியில் வாங்கினால் அந்த வருடம் ரூ. 50,000-க்கு ரூ. 10,000 மட்டுமே கழியும். விற்பனையில் 8 அல்லது 6 சதவீதம் என்று அனுமான முறையில் வருமானம் காட்டுகிறவர்களுக்குத் தனியாகத் தேய்மானமே இல்லை. உங்கள் நிலை எது என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

ஒன்றா, இரண்டா?

பகல் முழுவதும் பில் போடும் கடைக்கும் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கும் ஒரே மிஷின் ஒத்துவராது. பிள்ளை காலை எட்டு மணிக்கு அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும், நம் வியாபாரமும் அப்போதுதான் தொடங்கும். செமஸ்டர் பரீட்சை 11-ஆம் தேதியையும் 20-ஆம் தேதியையும் பார்த்து வருவதில்லை. பில்லைக் கையால் போட்டு, இரவு வீட்டில் கணக்கு மட்டும் ஏற்றுகிற சிறு கடைக்காரர்களுக்கு ஒன்றே போதும். மடக்கு வகை அவர்களுக்குப் பொருத்தம் என்றும் சொல்லுவேன். அப்படிப் பொதுவாக வைத்துக்கொள்பவர்கள் விண்டோஸில் இரண்டு தனித்தனிக் கணக்குத் திறந்து, இரண்டுக்கும் தனிக் கடவுச்சொல் போடுங்கள். பிள்ளையின் கணக்குக்குப் புது சாப்ட்வேர் ஏற்றும் அதிகாரம் வேண்டாம். கேம்ஸோடு எதுவும் கூட வந்துவிடக்கூடாது. கணக்கு பேக்கப்பை வாரம் ஒரு முறை வெளி டிஸ்க்கில் எடுத்து, அந்த டிஸ்க்கை லேப்டாப் பையில் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள். பை தொலைந்தால் இரண்டும் தொலையும்.

எங்கள் கடையில் இப்போது கல்லாவுக்குச் சாதாரண டெஸ்க்டாப், மகளுக்கு 14 அங்குல மடக்கு லேப்டாப் என்று பிரித்துவிட்டோம். அதை வாங்கப் போனபோது எங்கள் பில் பிரிண்டரைத் துணிப்பையில் போட்டுக் கையோடு கொண்டுபோனேன். கடைப் பையன் சிரித்தான். அங்கேயே மாட்டி, டிரைவர் ஏற்றி, ஒரு சீட்டு அடித்து எடுத்த பிறகுதான் பணத்தை எண்ணினேன். மகள் லீவில் வரும்போது கல்லா மிஷின் பழுதானாலும் அன்றைக்குப் பில் நிற்காது. நீங்களும் பிரிண்டரையும் டோக்கனையும் எடுத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். பேனாவை அவர்கள் கையில் கொடுத்து இரண்டு பக்கம் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பில்லில் மாடல் எண், சீரியல் எண், பேனா, வாரண்டி நான்கும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.